பட்டாவுக்குப் பக்கத்தில் வில்லங்கம்: தேடலில் தொடர்புச் சொற்களின் வேலை

இணையத்துக்குத் தமிழில் எழுதிச் சம்பாதிப்பவர்களுக்கு வரும் வேலைக் குறிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. 'முக்கியக் கீவேர்டு 8 முறை, எல்எஸ்ஐ கீவேர்டு 20.' கீழே கட்டுரைக்குள் வர வேண்டிய அந்தச் சொற்களின் பட்டியல். எல்எஸ்ஐ என்றால் என்ன என்று கேட்டால் 'தொடர்புடைய சொற்கள்' என்பார்கள். எதோடு தொடர்பு, யார் பார்த்துச் சொன்னது, ஏன் 20 என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். கூகுள் தரப்பிலோ எல்எஸ்ஐ கீவேர்டு என்று ஒன்றே கிடையாது என்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தின் சுற்றுவட்டச் சொற்கள் நிறைந்த பக்கங்கள் தேடலில் முன்னால் வருவதையும் நாம் பார்க்கத்தான் செய்கிறோம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் பலருக்கும் உள்ள குழப்பம். அடியிலிருந்து பார்த்தால் இது அவிழ்ந்துவிடும்.

முதலில் நான்கு சொற்கள்

1. தேடுசொல்: ஒருவர் தேடல் பெட்டியில் தட்டுவது. அவசரத்தில், ஒற்று விட்டு, பாதி ஆங்கிலத்தில், எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

2. ஒருபொருட் சொற்கள்: ஒரே பொருளுக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்கள். நீரிழிவு, சர்க்கரை நோய், சுகர், டயாபடீஸ். இலங்கையில் சலரோகம், சீனி வருத்தம்.

3. தொடர்புச் சொற்கள்: பொருள் வேறு, ஆனால் ஒரே பேச்சில் சேர்ந்து வருபவை. சர்க்கரை நோய் என்றால் இன்சுலின், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரி, மெட்ஃபார்மின், காலில் ஆறாத புண்.

4. தேடல் நோக்கம்: தட்டியவருக்கு உண்மையில் என்ன தேவை என்பது. 'சுகர் அளவு' என்று தட்டுபவர் கையில் பெரும்பாலும் ஒரு பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறது. அவருக்கு நோயின் வரலாறு வேண்டாம்.

சந்தையில் விற்கும் கீவேர்டு பட்டியல்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் கலக்கின்றன, நான்காவதைக் கண்டுகொள்வதே இல்லை. பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

கூட்டு சொல்லும் பொருள்

'படி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அகவிலை, ஓய்வூதியர், நிலுவை என்ற சொற்கள் இருந்தால் அது அரசு ஊழியரின் பஞ்சப்படி. உழக்கும் மரக்காலும் இருந்தால் அளக்கும் படி. மாடியும் கைப்பிடியும் இருந்தால் ஏறும் படி. தேர்வும் மதிப்பெண்ணும் இருந்தால் பிள்ளையைப் படிக்கச் சொல்லும் படி. அகராதியைத் திறக்காமலே நாம் இதைச் செய்கிறோம். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதியது இதைத்தான். இன்றைய தேடுபொறிகளின் மொழி அறிவு பெருமளவில் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு யோசனை 1972இல் வந்தது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம் என்று கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்த கணக்கு அது. 'முழு விவரம்', 'எளிய வழி', 'இதோ உங்களுக்காக' என்பவை எந்தப் பக்கத்திலும் வரும், அதனால் எந்தப் பக்கத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது. 'அடங்கல்' என்ற சொல் ஒரு பக்கத்தில் வந்தால், அது நிலக் கணக்கு பற்றிய பக்கம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இவற்றுக்கு மேல் கூகுள் அடுக்கியவை வேகமாக: 2013இல் ஹம்மிங்பேர்ட், 2015இல் ரேங்க்பிரைன். இரண்டும் தேடுசொல்லின் பொருளைப் பிடிக்க முயன்ற மாற்றங்கள். 2018இல் சொல்லுக்குச் சொல் பார்க்காமல் கருத்துக்குக் கருத்து பொருத்தும் முறை ஒன்றை அறிவித்தபோது கூகுள் காட்டிய உதாரணம் சுவையானது. 'என் டிவி ஏன் விநோதமாகத் தெரிகிறது' என்று ஆங்கிலத்தில் தேடியவருக்கு, 'சோப் ஓபரா எஃபெக்ட்' (டிவியில் படம் மிகையாக வழுவழுப்பாக ஓடும் தோற்றம்) பற்றிய பக்கம் கிடைத்தது. தேடியவருக்கு அந்தப் பெயரே தெரியாது.

2019இல், சொற்களைத் தனித்தனியாக அல்லாமல் வாக்கியமாகச் சேர்த்துப் படிக்கும் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்தது. அதற்கான உதாரணம், அமெரிக்காவுக்குப் போகும் பிரேசில்காரருக்கு விசா வேண்டுமா என்ற தேடல். யார் எங்கே போகிறார் என்பதைச் சொல்லும் குட்டி இடைச்சொல்லை முன்பெல்லாம் தேடல் சரியாகப் பிடிக்காததால், பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கருக்கான பக்கம் வந்து நிற்குமாம். தமிழில் அந்தக் குட்டிச் சொல் தனியாக நிற்பதுகூட இல்லை. 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து' என்று பெயரோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

எல்எஸ்ஐ: பெயர் உண்மை, விற்பனை பொய்

எல்எஸ்ஐ (Latent Semantic Indexing) என்பது நிஜமான நுட்பம்தான். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1980களின் கடைசியில் உருவானது. காப்புரிமை 1989இல், விரிவான ஆய்வுக் கட்டுரை 1990இல். எதற்காக உருவானது என்பது இன்றைக்கும் பொருத்தமானது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1987இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டிருந்தார்கள்: ஒரே பொருளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் தேடுபவர் சொல்லும் எழுதியவர் சொல்லும் சந்திப்பது அரிது. எந்தச் சொற்கள் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு, அதைக் கணிதத்தால் சுருக்கி, ஒளிந்திருக்கும் தொடர்பை எடுப்பதுதான் எல்எஸ்ஐ.

அதைச் சோதித்துப் பார்த்த தொகுப்புகளில் ஒன்றில் இருந்தவை 1033 மருத்துவச் சுருக்கங்கள். கைக்கடக்கமான, மாறாத தொகுப்புக்குப் பொருந்திய நுட்பம் அது. ஒவ்வொரு நொடியும் பெருகும் இணையத்துக்கு அந்த அட்டவணையை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருக்க முடியாது. எல்எஸ்ஐ கீவேர்டு என்று எதுவும் இல்லை, இருக்கிறது என்பவர் தவறாகச் சொல்கிறார் என்று கூகுளின் ஜான் ம்யூல்லர் 2019இல் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆக, 'எல்எஸ்ஐ கீவேர்டு' என்று கருவிகள் தருவது அந்த 1990 கணக்கைப் போட்டு எடுத்தது இல்லை. பெரும்பாலும் தேடல் பெட்டியின் பரிந்துரைகளையும், முதல் சில பக்கங்களில் அடிக்கடி வரும் சொற்களையும் வாரி எடுத்துப் பெயர் ஒட்டியது. பட்டியல் உதவாது என்று சொல்லவில்லை, அந்தப் பெயருக்குள்ள மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தொடர்புச் சொற்கள் நிறைந்த பக்கம் ஏன் முன்னால் வருகிறது? விஷயம் தெரிந்தவர் எழுதினால் அந்தச் சொற்கள் தானாக வந்து விழும். சமையல்கட்டில் புகை வந்தால் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். புகையை மட்டும் போட்டால் சோறு வேகாது.

தமிழில் கூடுதலாக நாலு முடிச்சு

ஆங்கிலத்துக்காகச் செய்த கருவியைத் தமிழில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1. சொல் வேற்றுமை ஏற்கும்போது உருவமே மாறுகிறது. கிணறு, கிணற்றில், கிணற்றுக்கு, கிணற்றடி. எழுத்துக்கு எழுத்து எண்ணும் கருவி, பக்கம் முழுக்கக் கிணறு பற்றியே எழுதியிருந்தாலும் 'கிணறு' ஒருமுறைதான் வந்திருக்கிறது என்று சிவப்புக் கொடி காட்டும். அதைப் பச்சையாக்கத்தான் சிலர் 'கிணறு தண்ணீர்', 'வீடு கடன்' என்று எழுதத் தொடங்கினார்கள். கிணற்றுத் தண்ணீர், வீட்டுக் கடன் என்றே எழுதுங்கள். கருவியைத் திருப்திப்படுத்த மொழியை உடைப்பது அபத்தம்.

2. எழுத்துக்கூட்டல். கிரயம் என்று எழுதுபவரும் உண்டு, கிரையம் என்பவரும் உண்டு. வில்லங்கச் சான்று, வில்லங்க சான்று, வில்லங்க சான்றிதழ் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. இதைவிட நுட்பமான ஒன்று: பௌர்ணமி என்பதை எத்தனையோ பேர் 'பெ' போட்டு, அடுத்து 'ள' எழுத்தைத் தட்டி 'பெளர்ணமி' என்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துக் கோவை. உங்கள் தளத்தின் உள்தேடலில் இதைச் சோதித்துப் பாருங்கள், பாதிக் கட்டுரைகள் காணாமல் போயிருக்கலாம்.

3. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும். ஆவணத்தில் வில்லங்கச் சான்று, வாயில் ஈசி. ஆவணத்தில் வட்டாட்சியர், வாயில் தாசில்தார். கிராம நிர்வாக அலுவலரை அப்படி முழுப்பெயர் சொல்லி அழைப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் விஏஓதான். இது போதாதென்று, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் வேறு.

4. கடல் தாண்டினால் சொல் மட்டும் மாறுவதில்லை, பொருளும் மாறுகிறது. தமிழ்நாட்டில் நிலம், பத்திரம். இலங்கையில் காணி, உறுதி. தமிழ்நாட்டில் காணி என்பது சுமார் 1.32 ஏக்கர் கொண்ட ஒரு பழைய அளவு. 'உறுதி' என்று தேடும் யாழ்ப்பாணத்துக்காரரைத் தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவுப் பக்கத்துக்கு இழுத்து வந்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை, அங்கே சட்டமே வேறு. அகராதி ஒன்றாக்கும் இரண்டு சொற்களைச் சட்டம் பிரித்துவிடுகிறது. இங்கே தேவை இன்னொரு பக்கம்.

ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம்: பட்டா மாறுதல்

தமிழ்நாட்டில் இடம் வாங்கியவர் தேடுவது. கீவேர்டு பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர் எழுதினால் இப்படி வரும்:

'பட்டா மாறுதல் என்பது மிகவும் முக்கியமானது. பட்டா மாறுதல் செய்ய விரும்புபவர்கள் பட்டா மாறுதல் விண்ணப்பம் மூலம் எளிதாகப் பட்டா மாறுதல் செய்யலாம்.'

விஷயம் தெரிந்தவர் எழுதினால்:

'கிரயப் பத்திரம் பதிவானதோடு வேலை முடியவில்லை. பத்திரம் பதிவுத் துறையின் ஆவணம், பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். விற்றவரின் சர்வே எண்ணை முழுதாக வாங்கியிருந்தால் உட்பிரிவு தேவைப்படாது. அதில் ஒரு துண்டை மட்டும் வாங்கியிருந்தால், நில அளவர் அளந்து புதிய உட்பிரிவு எண் போட்ட பிறகே உங்கள் பெயரில் பட்டா வரும்.'

இரண்டாவதில் பட்டா என்ற சொல் இரண்டே முறைதான் வருகிறது. கிரயப் பத்திரம், பதிவுத் துறை, வருவாய்த் துறை, சர்வே எண், உட்பிரிவு, நில அளவர் என்று ஆறு தொடர்புச் சொற்கள், ஒன்றுகூடத் திணித்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது.

சரி, இந்தச் சொற்களை எங்கே தேடுவது?

1. தேடல் பெட்டியே முதல் இடம். 'பட்டா' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு, அ, இ, உ, க, த, ந என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். அதையே ஆங்கில எழுத்திலும் செய்யுங்கள், பட்டியல் வேறாக வரும். தேடல் பக்கத்தில் வரும் துணைக் கேள்விகளையும், கீழே வரும் தொடர்புத் தேடல்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஏற்கெனவே தளம் இருந்தால், தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி. எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைச் சொடுக்கி உள்ளே வந்தார்கள் என்பது 16 மாதங்களுக்குக் கிடைக்கும். ஒரு குறை: மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி கூகுள் மறைத்துவிடும். தமிழில் ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாகத் தட்டுவதால், மறைந்துபோவது அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

3. கீவேர்டு ப்ளானர் போன்ற விளம்பரக் கருவிகள். தமிழுக்கு இவை காட்டும் எண்ணை மிகவும் நம்ப வேண்டாம். விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்கு அவை தருவதே ஓர் அகலமான வரம்புதான். பூஜ்யம் என்று காட்டினால் யாரும் தேடவில்லை என்று ஆகிவிடாது. தினமும் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் வந்தே இராதவை என்பது கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

4. விண்ணப்பப் படிவங்கள். அரசுப் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு தொடர்புச் சொல். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண். அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியாமல்தான் ஆள் தேடலுக்கே வருகிறார்.

5. இதை யாரும் செய்வதில்லை, எனக்கு இதுதான் சிறந்த வழியாகப் படுகிறது: பத்திர எழுத்தர் கடையிலோ இ-சேவை மையத்திலோ அரைமணி நேரம் உட்கார்ந்து காது கொடுப்பது. 'முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்த்தீங்களா?' 'தாய்ப்பத்திரம் யார்கிட்ட இருக்கு?' 'கூட்டுப் பட்டாவாச்சே, தனிப் பட்டாவா பிரிக்கணுமா?' 'அப்பா பேர்ல இருக்கு, அவர் இல்ல, வாரிசு சான்று வாங்கியாச்சா?' எந்தக் கருவியும் இந்த வரிசையைத் தராது. சொல்லோடு அது எந்தக் கட்டத்தில் எழுகிறது என்பதும் சேர்ந்து வருகிறது பாருங்கள்.

6. ஏஐ உரையாடல் கருவிகள். கேட்டால் நூறு சொல் கொட்டும். அவற்றில் 'சொத்துரிமை மாற்றல் நடைமுறை' மாதிரி, எந்தத் தாலுகா அலுவலகத்திலும் எவரும் சொல்லாத மொழிபெயர்ப்புச் சொற்களும் கலந்திருக்கும். முந்தைய வழிகளில் கிடைத்ததோடு ஒத்துப்பார்த்துக் களை எடுங்கள்.

சேர்த்ததைப் பிரிப்பது

கிடைத்த எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதைத் தட்டுபவரும் என் பக்கத்துக்கு வருபவரும் ஒரே வேலையாக வருகிறார்களா?

'பட்டா பெயர் மாற்றம்' என்பவரும் 'பட்டா மாறுதல்' என்பவரும் ஒரே ஆள். ஒரே பக்கம், ஒரு பெயர் தலைப்பில், மற்றது முதல் பத்தியில். உட்பிரிவு, கூட்டுப் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அதே பயணத்தின் படிகள். அவை துணைத் தலைப்புகளாகும். 'பட்டா விண்ணப்ப நிலை' என்று தேடுபவர் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார், அவரை 1500 சொல் படிக்கவைப்பது பாவம். அவருக்குத் தனியாக ஒரு சிறு பக்கம். 'பட்டாவில் பெயர்த் திருத்தம்' என்பது எழுத்துப் பிழை சரிசெய்வது. மாறுதலோடு கலந்தால் இரண்டு பேருமே குழம்புவார்கள். 'இறந்தவர் பெயரில் உள்ள பட்டா' வாரிசுச் சான்றிலிருந்து தொடங்கும் வேறு கதை.

கேள்விக்கு ஏஐ மூலம் பதில் எழுதித் தரும் ஏஐ மோடைக் கூகுள் 2025இல் கொண்டுவந்தபோது, ஒரு கேள்வியைப் பல உட்கேள்விகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் தேடும் முறையை விளக்கியது. 'அப்பா பெயரில் உள்ள நிலத்தை என் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்' என்ற ஒரு கேள்வியை அப்படிப் பிரித்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, கூட்டுப் பட்டா, உட்பிரிவுக் கட்டணம் என்று போகக்கூடும். ஒவ்வோர் உட்கேள்விக்கும் தெளிவான பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதை எடுத்துக்காட்டும் வாய்ப்பு கூடுகிறது. சொல்லை மட்டும் தூவி பதிலை எழுதாமல் விட்ட பக்கத்துக்கு இங்கே இடமில்லை.

எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது

பக்கத்தின் தலைப்பு, துணைத் தலைப்பு, முதல் பத்தி, படத்தின் மாற்று உரை (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் விளக்கம்). இவ்வளவுதான் இடம். பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளுக்கென்று இருந்த மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதை நிரப்பக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆவணச் சொல்லும் பேச்சுச் சொல்லும் இருக்கும்போது, முதல்முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: 'வில்லங்கச் சான்று, அதாவது எல்லோரும் ஈசி என்று சொல்வது.' அப்புறம் ஒன்றையே பிடித்துக்கொண்டு போகலாம். பத்திக்குப் பத்தி மாற்றி மாற்றி எழுதினால், தேடுபொறிக்கு லாபம் வருகிறதோ இல்லையோ, படிப்பவர் இரண்டும் வேறு வேறு ஆவணம் என்று நினைத்து அலையப் போகிறார். சொற்களைத் திணிப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்ட குற்றம். ஒருபொருட் சொற்களை வரிசையாக அடுக்கினாலும் திணிப்பு திணிப்புதான். எல்லா விதமான தேடுசொல்லையும் முன்கூட்டியே ஊகித்து எழுத வேண்டிய கவலை வேண்டாம் என்று அவர்களின் தொடக்கநிலை வழிகாட்டியே சொல்கிறது.

பக்கம் வெளியான இரண்டு மூன்று மாதத்தில் சர்ச் கன்சோலைத் திறந்து, நிறையக் காட்டப்பட்டும் யாரும் சொடுக்கி உள்ளே வராத சொற்களைப் பாருங்கள். 'கூட்டுப் பட்டாவில் ஒருவர் கையெழுத்து போடவில்லை' மாதிரி ஒன்று அங்கே நிற்கும். உங்கள் பக்கத்தில் கூட்டுப் பட்டா என்ற சொல் இருந்திருக்கும், அந்தச் சண்டைக்குப் பதில் இருந்திருக்காது. அடுத்து எழுத வேண்டிய பத்தி அதுதான்.